ஈறின் துடிப்பு

ஜூன் 12, வியாழன்

இன்று எனக்கு ஒரு பல் கிடைத்தது. என் ஆய்வுக்கு ஏற்கெனவே சிலர் கிடைத்திருந்தார்கள், இன்னும் ஒருவரை மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். அடிபட்டிருக்க வேண்டும், விழுந்திருக்கக் கூடாது. ஆடியிருக்க வேண்டும், உடைந்திருக்கக் கூடாது. இப்படிப்பட்ட முன்பல் யாருக்காவது இருந்தால் அனுப்புங்கள் என்று எங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளி பிரிவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என்னைக் கண்டாலே, "உனக்காக யாரையாவது மாடியிலேர்ந்து தள்ளிவிடட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பல்லின் சொந்தக்காரர் பெயர் பூபதி. அரசு பஸ் கண்டக்டர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறித் தாளவாடி போகிற வண்டி. மேல் வரிசையில் வலப்பக்க முன்பல் ஆடுகிறது. பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டி அனுப்பியிருந்தாள் ஃபர்ஹானா. என்னோடு மேற்படிப்பு படிக்கிறவள், வாடகை வீட்டில் என்னோடு இருக்கிறவள், என் ஷாம்பூவைத் தீர்க்கிறவள்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டேன்.

"ஆனைங்க."

"யானை அடிச்சுதா?"

"அது அடிச்சிருந்தா பல்லு மட்டுமா டாக்டர் போயிருக்கும்? அது பாட்டுக்கு வளைவுல நின்னுட்டிருந்துச்சுங். கரும்பு லாரி வரும்னு நிக்கும். எங்க டிரைவரண்ணன் பிரேக்கை மிதிச்சுட்டாரு. நான் டிக்கெட் குடுத்துட்டிருந்தவன் நேராப் போயிக் கம்பியில முட்டிக்கிட்டேன். ஆனைக்கு ஒண்ணும் ஆகலீங்."

பஞ்சில் குளிர் மருந்தை அடித்து இடப்பக்கப் பல்லில் வைத்தேன். துள்ளினார். வலப்பக்கத்தில் வைத்தேன். "ஒண்ணும் தெரியலீங்" என்றார். உடனே, "அப்ப செத்துருச்சுங்களா?" என்றும் கேட்டார்.

இந்தக் கேள்விதான் என் ஆய்வே. பல்லில் உணர்ச்சி இல்லை என்றால் உயிர் இல்லை என்று அர்த்தமில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் நரம்பு வாயடைத்துப் போயிருக்கும், உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். குளிர் வைத்துப் பார்ப்பது நரம்பை விசாரிப்பது. எங்களிடம் இருக்கும் லேசர் கருவி ரத்தத்தை விசாரிக்கும். பல்லுக்குள் வெளிச்சத்தை அனுப்பினால், ஓடுகிற ரத்தத்தின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சற்று மாறித் திரும்புகிறது. ரத்தம் ஓடவில்லை என்றால் மாறாது.

உயிரோடு இருக்கும் பல்லை அவசரப்பட்டுத் துளைத்து வேர் சிகிச்சை செய்தால் நாமே அதைக் கொன்றதாகும். செத்த பல்லை உயிரோடு இருப்பதாக நம்பிக் காத்திருந்தால், உள்ளே அழுகி வேரை அரித்துவிடும். அப்புறம் பல்லே மிஞ்சாது. இரண்டில் எது என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்றதுங்க" என்றார்.

ஜூன் 26, வியாழன்

கம்பியை எடுத்தாயிற்று. முதல் அளவு.

கருவி இருக்கும் அறை சின்னது, குளிர் அதிகம். நோயாளி சாய்ந்து படுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகுதான் ரத்த ஓட்டம் நிதானத்துக்கு வரும். பற்களின் மேல் ரப்பர் மாவில் எடுத்த அச்சு ஒன்று. அதில் இரண்டு முன்பல்லுக்கும் ஒவ்வொரு துளை. துளை வழியாகக் கருவியின் முனை பல்லைத் தொடும். அச்சு இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க முடியும். அச்சை வைப்பதற்கு முன் வாயில் ஒரு கறுப்பு ரப்பர் ஷீட்டை மாட்டுவோம், அளந்து முடியும்வரை கழற்ற மாட்டோம். பல் மட்டும் அதிலிருந்து எட்டிப் பார்க்கும், ஈறு மறைந்துவிடும்.

ஷீட்டை மாட்டினேனோ இல்லையோ, கையை ஆட்டினார். கழற்றினேன்.

"மூச்சு முட்டுதுங் டாக்டர்."

"மூக்கு வழியா விடுங்க."

"மூக்கு வழியாத்தான் விட்டேனுங். இருந்தாலும் முட்டுது."

மறுபடி மாட்டினேன். மறுபடி கை. சிலருக்கு அப்படித்தான், மூடிய இடத்தில் பயம் வரும். ஷீட் இல்லாமலே அளந்தேன். மூன்று முறை அளக்க வேண்டும். இடையிடையே அச்சைக் கழற்றினால் அவர் பேசுவார். திம்பம் வளைவுகளைப் பற்றிச் சொன்னார். புதிதாக ஏறின ஒருவர், "இந்த வண்டி நேரா தாளவாடி போகுமா?" என்று கேட்டாராம். "இருவத்தேழு வளைவு இருக்குதுங்க, நேரா எங்கீங்க போறது?" என்று இவர் சொன்னாராம். நான் சிரித்ததில் கருவி ஆடி ஒரு அளவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

திரையில் கோடு அழகாக எழும்பி எழும்பி ஓடியது. ஒவ்வொரு எழும்பலும் ஓர் இதயத்துடிப்பு. பல் உயிரோடு இருக்கிறது!

ஜூன் 27, வெள்ளி

நோயாளியின் வசதியும் முக்கியம். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. ஃபர்ஹானா பக்கத்து வீட்டில் டீ வாங்கி வந்தாள். நான் தலை துவட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "வாரத்துல ஆறு நாள் கொண்டை, வியாழக்கிழமை மட்டும் தலைக்குக் குளியல். என்னடீ விரதம் இது?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை.

வியாழன் பூபதிக்கு ஓய்வு நாள். அதனால்தான் வியாழன். இன்று எனக்கு வெளிநோயாளி பிரிவில் வேலை போட்டிருந்தார்கள். ஒரு ஜூனியரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். ஆய்வு என்று வந்துவிட்டால் இதெல்லாம் செய்துதான் ஆக வேண்டும்.

அவர் வருவதாகச் சொன்ன நேரம் தாண்டியது. அச்சை எடுத்துத் துடைத்தேன். கருவியின் வயரைச் சுற்றினேன், பிரித்தேன். தாழ்வாரத்தில் போய்ப் பார்த்தேன். ஒருவழியாக வந்து சேர்ந்தார், பெருந்துறையில் பஸ் கிடைக்கவில்லையாம். பஸ்காரருக்கே பஸ் கிடைக்கவில்லை என்றால் சிரிப்பதா அழுவதா?

குளிர் வைத்தேன், உணர்ச்சி இல்லை. லேசரில் கோடு போன முறையைவிட உயரம். இதயத்துடிப்பு மட்டும் கொஞ்சம் வேகமாக இருந்தது. மாடி ஏறி வந்திருக்கிறார், அதுதான்.

ரப்பர் ஷீட்டை இன்றும் எடுத்து வைத்திருந்தேன். "இன்னைக்கும் அதுங்களா?" என்றார், முகத்தைச் சுருக்கி. வேண்டாம் என்று உள்ளே வைத்துவிட்டேன். ஒரு முறை இல்லாமல் அளந்தால் எல்லா முறையும் இல்லாமல் அளப்பதுதான் முறை. ஒப்பிட வேண்டுமே.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன். ஒரு வேலையும் ஓடவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆய்வின் அறிமுகப் பகுதியை எழுதலாம் என்று திறந்தால், "நோயாளி தாளவாடி வழித்தடத்தில்" என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். வழித்தடத்துக்கும் ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

பல் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. லேசான சாம்பல். அடிபட்ட பல்லில் உள்ளே கசிந்த ரத்தத்தால் இப்படி வரும், சில சமயம் தானே தெளியும். சொன்னேன்.

"எங்கக்கா ஒத்துக்க மாட்டேங்குதுங்" என்றார். பூபதிக்கு அப்பா அம்மா இல்லை, அக்காதான் எல்லாம். "ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும் பொண்ணு பாக்கப் போகோணுமாம். அந்தியூர்ப் பக்கம். ஒறம்பரை சனமெல்லாம் கூடியிருக்கறப்ப சாம்பப் பல்லோட எப்படிச் சிரிப்பன்னு கேக்குது. சீக்கிரம் பல்லு மேல கேப்பு போட்டுட்டு வான்னு சொல்லுதுங்."

"நல்ல விஷயம்தானே" என்றேன்.

"கேப்புங்களா?"

"பொண்ணு பாக்கப் போறது."

நான் முனையை அச்சில் பொருத்தினேன். முதல் இரண்டு முறை துளையைத் தவறவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வந்ததால் இருக்கும்.

கேப் போட வேண்டும் என்றால் முதலில் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், உயிருள்ள பல்லை அழகுக்காகக் கொல்வது தவறு, மூன்று மாதமாவது பார்க்கலாம் என்று விளக்கினேன். கொஞ்சம் நீளமாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க காத்திருக்கச் சொன்னாக் காத்திருக்கேனுங்" என்றார்.

கோட்டில் அவர் இதயத்துடிப்பு மிக வேகம். இன்று மாடி ஏறவில்லை. லிஃப்ட் வேலை செய்தது.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே பவானிக்குப் போகிறது. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் திம்பம் போனோம். மலைக்காற்று வாங்கலாம் என்று சொன்னது நான். சத்தியமங்கலத்தில் இரண்டு தாளவாடி வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம். "முதல் ரெண்டுலயும் மலைக்காத்து வராதா?" என்றாள் ஃபர்ஹானா.

மூன்றாவதில் அவர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார், பிறகு பள்ளத்தாக்கு தெரியும் பக்கமாக இரண்டு சீட்டு பிடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். வழி நெடுக என் பக்கமே வரவில்லை. கூட்டம் நெரிந்தது, வேலை இருந்தது, எல்லாம் சரி. எனக்குக் கோபம் வந்தது. மலையைப் பார்த்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். யாரோ கல்லூரிப் பையன்கள் கேலி பேசினார்கள். இவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார், வண்டியே சிரித்தது. இவரும் சிரித்தார், மேலுதட்டை விரலால் மூடிக்கொண்டு. அதன் பிறகு பார்த்துக்கொண்டே வந்தேன். சிரிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கை தானாக உதட்டுக்குப் போகிறது. என் அறையில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. அங்கே வாயைத் திறந்து காட்டத்தானே வருகிறார்.

நான் காத்திருக்கச் சொன்னதால் அந்தக் கை அங்கே போகிறது. இறங்கும்வரை முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகளால் என்று ஃபர்ஹானா எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

ஆகஸ்டு 7, வியாழன்

மின்சாரம் வைத்துப் பார்க்கும் சோதனையும் செய்தேன். மின்சாரத்தைக் கடைசி எண் வரை ஏற்றியும் வலப்பக்கப் பல் மௌனம். லேசர் மட்டும் ஓடுகிறது, ஓடுகிறது என்கிறது. இடப்பக்கப் பல்லுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நல்ல ஓட்டம்.

ஜெசிந்தா மேடம் அளவுகளைப் பார்த்தார். அவர்தான் என் வழிகாட்டி. அதிகம் பேசமாட்டார், மூக்குக் கண்ணாடியை இறக்கினால் ஏதோ தப்பு என்று அர்த்தம். இன்று இறக்கினார்.

"அடிபட்ட பல்லு, அடிபடாத பல்லு, ரெண்டும் ஒரே மாதிரி ஓடுது. உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"நல்ல முன்னேற்றம், மேடம்."

"அதைத்தான் கேக்கறேன். ஆச்சரியமா இல்லையா?"

அவருக்குப் புதுக் கருவிகள் மேல் நம்பிக்கை கிடையாது. அந்தக் காலத்து ஆள்.

ஆகஸ்டு 21, வியாழன்

எக்ஸ்ரே எடுத்தோம். வேரின் ஓரத்தில், பாதி உயரத்தில், எறும்பு கடித்த பிஸ்கட் ஓரம்போல ஒரு சின்னப் பள்ளம்.

ஜெசிந்தா மேடம் படத்தை விளக்கு முன்னால் பிடித்தார். "அரிக்க ஆரம்பிச்சிருக்கு. உள்ள செத்துப்போன பல்லு இப்படித்தான் அரிக்கும். உன் மெஷின் ஓடுதுங்குது. நீ எதை நம்பறே?"

படம் எடுத்த கோணம் சரியில்லாமல் இருக்கலாம் என்றேன். அவர் படத்தை என் கையில் கொடுத்தார்.

பூபதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆவணி பிறந்துவிட்டது. அக்கா தினமும் போன் செய்கிறாராம். "என்னங் டாக்டர், நல்லபடியா இருக்குதுங்களா?" என்றார். இன்னும் கொஞ்சம் பார்க்கணும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒன்றாவது கேட்டிருக்கலாம்.

ஆகஸ்டு 23, சனி

தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஃபர்ஹானா என்னைப் பிடித்து அறைக்குள் தள்ளினாள்.

"என் பல்லை அளந்து பாரு" என்றாள்.

அவளுக்கு இடப்பக்க முன்பல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே செத்துப்போனது. ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். வேர் சிகிச்சை முடிந்து, உள்ளே சதையோ ரத்தமோ எதுவும் இல்லாத பல். அடைப்பு மருந்து மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கருவி வைத்தாலும் அதில் ரத்தம் ஓட வழியில்லை.

அச்சு எடுத்தோம். முனையை வைத்தேன். பூபதிக்குச் செய்தது போலவே, ஷீட் இல்லாமல்.

கோடு எழும்பி எழும்பி ஓடியது.

அழகாக, துடிப்புத் துடிப்பாக, உயிருள்ள பல்லைப் போல ஓடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஃபர்ஹானா கண்ணாலேயே ஷீட்டைக் காட்டினாள். மாட்டினேன். ஈறு மறைந்ததும் கோடு படுத்துவிட்டது. சின்ன நடுக்கம் மட்டும், துடிப்பு இல்லை. எடுத்தேன், ஓடியது. மாட்டினேன், படுத்தது.

பல்லுக்குள் போன வெளிச்சம் சிதறி ஈறுக்குள்ளும் போகிறது. ஈறு முழுக்க ரத்தம். நான் இத்தனை வாரமாகப் பார்த்துப் பூரித்தது பூபதியின் ஈறு. முதலாம் ஆண்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது. இன்னொருவருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். மற்ற நோயாளிகள் எல்லாருக்கும் ஷீட் போட்டுத்தான் அளந்தேன். அவர்களில் இரண்டு பேருக்கு மூச்சு முட்டியது. பழக்கிவிட்டேன், பழகிக்கொண்டார்கள்.

"ஏன்டீ அந்தாளுக்கு மட்டும் போடல?" என்று ஃபர்ஹானா கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை.

ஆகஸ்டு 24, ஞாயிறு

போன் செய்தேன். வண்டியில் இருந்தார், இரைச்சல். வியாழன் வாங்க என்றேன். "வந்தர்றனுங்" என்றார் சந்தோஷமாக.

ஆகஸ்டு 25, திங்கள்

ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"அவர் அளவுகளை ஆய்விலேருந்து எடுத்துடு. ஏன் எடுத்தோம்னு ஒரு வரி எழுதணும். ஷீட் போடாததுக்கு என்ன காரணம் எழுதுவே?"

"நோயாளிக்கு அசௌகரியம்னு."

கண்ணாடியை இறக்கினார். "நோயாளிக்கா?"

முகம் சூடேறியது எனக்கே தெரிந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மறுபடி ஒழுங்கா அள. அவர்கிட்ட முழுசா சொல்லு. பாதி சொல்லாதே" என்றார்.

பாதி எது, முழுசு எது என்று நடந்துகொண்டே யோசித்தேன். பாதி என்பது ஷீட் போடவில்லை என்பது. மீதிப் பாதி எனக்குத் தெரியும். ஜூலையிலேயே தெரியும்.

ஆகஸ்டு 28, வியாழன்

வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். படுக்கச் சொன்னேன். கறுப்பு ஷீட்டை எடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. இன்று கட்டாயம் போட்டே ஆகணும், முட்டினா மூக்கு வழியா மெதுவா விடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன் என்றேன். மாட்டினேன். கையை ஆட்டவில்லை.

முதலில் இடப்பக்கப் பல். ஷீட் இருந்தும் கோடு துடித்தது. உயிருள்ள பல் அப்படித்தான் இருக்கும். பிறகு வலப்பக்கம்.

படுத்துவிட்டது.

இன்னொரு முறை வைத்தேன். மூன்றாவது முறையும் வைத்தேன். தேவையில்லை, இருந்தாலும் வைத்தேன். பிறகு முனையை மறுபடி இடப்பக்கப் பல்லுக்கு மாற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரை நேராகப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லை. அவரால் பதில் பேச முடியாது என்பது சௌகரியமாக இருந்தது. கோழைத்தனம்தான்.

"நான் சொல்றதைக் கேளுங்க. உங்க பல் செத்துப்போச்சு. எப்பவோ போயிருக்கும். நான் உயிரோட இருக்குன்னு சொன்னது தப்பு. நான் அளந்தது உங்க ஈறை. இந்த ஷீட்டைப் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப வேர் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. உங்க அக்கா சொன்னப்பவே சிகிச்சை பண்ணியிருந்தா இது வந்திருக்காது."

அவர் கண் கூரையில் இருந்தது.

"உங்களுக்கு மூச்சு முட்டினதால ஷீட்டை எடுத்தேன்னு எழுதி வச்சிருக்கேன். அது உண்மையில்ல. மத்தவங்களுக்கு முட்டினாலும் போட்டேன். உங்களுக்கு எடுத்ததுக்குக் காரணம், அது இருந்தா நீங்க பேச மாட்டீங்க. நீங்க பேசறது எனக்கு வேணும்னு இருந்துச்சு. நோயாளிகிட்ட டாக்டர் அப்படி இருக்கக் கூடாது. இருந்துட்டேன்."

திரையில் இடப்பக்கப் பல்லின் கோடு தலைதெறிக்க ஓடியது. எத்தனை துடிப்பு என்று எண்ணவில்லை.

ஷீட்டைக் கழற்றினேன். எழுந்து உட்கார்ந்தார். வாயைத் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூச்செல்லாம் ஒண்ணும் முட்டலீங்" என்றார்.

"இன்னைக்கா?"

"என்னைக்குமே. கீழ்பவானி வாய்க்கால்ல முங்குனா அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எந்திரிக்கறவன் நான். அன்னைக்குச் சொன்னது பொய்யிங். வாயைக் கட்டிட்டீங்கன்னா உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு கையை ஆட்டுனேன். நீங்களும் எடுத்துட்டீங்க. அப்பறம் ஒவ்வொரு தடவையும் அதைக் கொண்டாந்துருவீங்களோன்னு பயந்துட்டே வந்தேனுங்."

கையிலிருந்த ஷீட்டை மடித்தேன், பிரித்தேன். அவரே சொன்னார்.

"ரெண்டு பேரும் பேசிப் பேசியே ஒரு பல்லைக் கொன்னுட்டமுங் டாக்டர்."

"கொன்னது நாம இல்ல. அடி. நாம பண்ணது தாமதம்" என்றேன். மருத்துவப்படி அதுதான் சரி. சரியானதைச் சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே அழுதேன். அவர் கை உதட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அந்தச் சாம்பல் பல் முழுக்கத் தெரிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர் சிகிச்சையை ஃபர்ஹானா செய்வாள் என்றேன்.

"அப்ப நீங்க?"

"இனிமே நான் உங்க டாக்டர் இல்ல."

"அது நல்லதுக்குங்களா, கெட்டதுக்குங்களா?" என்று கேட்டார். வெளியே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகஸ்டு 31, ஞாயிறு

அந்தியூரில் இன்று பெண் பார்க்கும் நாள். முகூர்த்த நாள் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. அரிசி களைந்தேன். உலை வைக்க மறந்தேன். போன் செய்ய எனக்கு ஒரு காரணமும் இல்லை. பல்லும் இப்போது என்னுடையது இல்லை.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதியாயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

ஃபர்ஹானாவின் அறைக்கு வெளியே நின்றேன், நடந்தேன், நின்றேன். உள்ளே போகக் கூடாது என்று எனக்கு நானே போட்ட விதி. துளைக்கும் சத்தம் கேட்டது, நின்றது. நான் ஆயிரம் முறை கேட்ட சத்தம்தான். இன்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஃபர்ஹானா எட்டிப் பார்த்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். "திறந்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. நாத்தம்தான். சுத்தம் பண்ணி மருந்து வச்சிருக்கேன். அரிப்பு சின்னதுதான், நின்னுடும்னு நினைக்கறேன். பல்லு நிக்கும். உறுதியாச் சொல்ல நாளாகும்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "ஷீட் போட்டுத்தான் பண்ணேன். முட்டவே இல்ல" என்றாள்.

அவர் வெளியே வந்தார். ஊசி போட்டதில் மேலுதடு மரத்து ஒரு பக்கம் தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், வேண்டாம் என்று கை காட்டினேன்.

"வலிக்குதா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன், கேட்டுவிட்டேன். "ஞாயித்துக்கிழமை அந்தியூர் போனீங்களா?"

மறுபடி தலையை ஆட்டினார். இல்லை.

"ஏன்? பல்லாலயா?"

இல்லை.

"அக்காகிட்ட என்ன காரணம் சொன்னீங்க?"

சொன்னார். ஒன்றும் புரியவில்லை. உதடு ஒட்டாமல் 'ப'வும் 'ம'வும் வெறும் காற்றாகப் போயின. மறுபடி சொன்னார், நிதானமாக, டிக்கெட் எடுக்காதவரிடம் சொல்வதுபோல. மறுபடி காற்று. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் வாய். நானும் சிரித்தேன், தாழ்வாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பேனா இருக்கிறதா, எழுதிக் காட்டுகிறேன் என்று உள்ளங்கையில் சைகை செய்தார்.

என் கோட்டுப் பையில் பேனா இருந்தது.

"எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க. மரத்தது தெளியட்டும்" என்றேன்.

அதற்கு நேரமாகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.